தேவை ஒன்றுமில்லை

நான் எழுதியவற்றில், வாசித்த அத்தனை பேரும் ஒரு சந்தேகமும் இல்லாமல் நம்பியது மூன்றே வரிகள்தான். பதின்மூன்று வயதில் எழுதினேன். மூன்றும் பொய். போதாததற்கு, இன்னொருத்தி எழுதியதுபோல எழுதியவை. பிறகு வளர்ந்து, ஒரு புனைபெயரை வைத்துக்கொண்டு, இத்தனை ஆண்டுகளாக உண்மையை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். பாதி திரும்பி வருகிறது. மீதியைப் படித்தவர்கள் கற்பனை வளம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

நம் பழைய கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்துக்கு இப்போது கைப்பேசியில் ஒரு குழு இருக்கிறது. நீங்கள் எல்லாரும் அதில் இருக்கிறீர்கள். விடிந்ததும் ஒருவர் ரோஜாப்பூ போட்டு ஒரு வசனம் போடுகிறார். மற்றவர்கள் வரிசையாகக் கைகூப்புகிறார்கள். போன மாதம் அதில் ஒருவர், பாஞ்சிர் வந்த வருஷம் நம்ம ஐக்கியம் எப்படி உடையாம இருந்துச்சுன்னு யாராச்சும் எழுதுங்களேன், பிள்ளைங்க படிக்கட்டும் என்று கேட்டிருந்தார். எத்தனை புத்தகம் படித்தாலும் வெள்ளம் என்று நமக்கு வாயில் வராது, பாஞ்சிர்தான். உடனே ஏழெட்டுப் பேர் என்னைக் கைகாட்டினீர்கள். எழுதுகிறேன். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்பதைக் கடைசி வரியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எழுபதுகளின் பாதி. இருபத்தொரு பேர் இருந்தோம். நம் ஆலோசகர் தையல் டீச்சர் என்பதால் வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் தையல் அறையில் கூடுவோம். பாதிப் பேர் சுங்கை சிப்புட் டவுன் பிள்ளைகள், மீதிப் பேர் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். தோட்டத்து பஸ் ஹாரன் அடித்ததும் ஜெபம் எந்த வாக்கியத்தில் இருந்தாலும் ஆமென் வந்துவிடும். அந்த அறைக்கு மெஷின் எண்ணெய் வாசனை. தோட்டத்துப் பிள்ளைகளின் சட்டையில் ஒட்டுப்பால் வாடை. நாம் அதைக் கவனிக்காதவர்கள் மாதிரி நடந்துகொள்வோம், அவர்கள் கவனிக்கிற மாதிரி.

நான் இரண்டிலும் சேராதவள். அப்பா மூன்று நான்கு தோட்டங்களுக்குப் பொதுவான ஆஸ்பத்திரியில் டிரெஸர். காய்ச்சலுக்கு வெள்ளை மாத்திரை, காயத்துக்கு மஞ்சள் மருந்து, மற்றதற்கெல்லாம் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு. ஆனாலும் தோட்டத்தில் அவரை டாக்டர் என்றுதான் நம்பினார்கள். அவரும் பாதி நாள் மறுக்கவில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஆஸ்பத்திரிக்குப் பின்னால், கால் வைத்த பலகை வீடு எங்களுடையது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூன்றாம் டிவிஷன், தோட்டத்தின் கடைசி லயம், தொழிலாளர் வரிசை வீடுகள். அங்கிருந்து ஐக்கியத்துக்கு வந்தவள் ஒரே ஒருத்தி. பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டுகிறவர்கள். விடுமுறை நாட்களில் அவளும் மரத்துக்குப் போவாள். என் நோட்டின் ஓரங்களில் நான் பூவும் கொடியும் வரைவதைப் பார்த்து, "உனக்கு வேற வேலையே இல்லையா லா?" என்பாள். எனக்கு உண்மையிலேயே வேறு வேலை இருந்ததில்லை. இங்கே அவளைத் தோழி என்றே எழுதப் போகிறேன். அந்தச் சொல்லுக்கு எனக்கு உரிமை உண்டா என்பது வேறு விஷயம்.

ஆண்டுக் கடைசி மழை. மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் காலை கண் விழித்தால், ஆற்றின் சத்தம் படுக்கைக்குக் கீழே கேட்டது. எங்கள் வீட்டுக்கு ஐந்து படி; தண்ணீர் மூன்றாம் படிவரை வந்து, யோசித்து, இறங்கிவிட்டது. போகும்போது அப்பாவின் பழுப்பு ஷூ ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. மற்றதை அப்பா பல வருஷம் வைத்திருந்தார். தண்ணீர் வடிந்தபோது முற்றம் முழுக்கப் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணங்கள், மரங்களிலிருந்து கழன்று வந்தவை. நூற்றுக்கணக்கில் சேற்றில் வாய் பிளந்து கிடந்தன. செத்த கோழி, மண்ணெண்ணெய், ஒட்டுப்பால் எல்லாம் கலந்த ஒரு வாடை மாதக்கணக்கில் போகவில்லை.

எங்களுக்கு ஆனது அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அப்படி இல்லை என்பது உங்களுக்கே தெரியும். உங்களில் சிலர் பள்ளிக்கூட வகுப்பறையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தவர்கள். பாலம் போயிற்று. பள்ளி திறக்கவில்லை. டெலிபோன் ஆபீஸ் கிராணி வீட்டில் மட்டும் இருந்தது, அதுவும் செத்துக் கிடந்தது. யார் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் நம் செயலாளர் அக்கா அந்த நோட்டைக் கண்டுபிடித்தார். ஐந்தாம் பாரம் படித்துக்கொண்டிருந்தார், பதினேழு வயது. இன்று நினைத்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது, ஒரு பதினேழு வயதுப் பெண்ணை நம்பித்தான் போதகரும் டீச்சரும் எல்லாக் கண்காணிப்பையும் விட்டிருந்தார்கள். பின்னட்டையில் வாய்ப்பாடு அச்சடித்த சாதாரணப் பள்ளி நோட்டு. ஆளுக்கு ஒரு பக்கம். நோட்டு ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும். ஒரு வசனம், நம் நிலைமை, நம் தேவை, மூன்றும் எழுதி இரண்டு நாளில் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். எல்லாரையும் சுற்றி அக்காவிடம் திரும்பினால், யாருக்கு அரிசி, யாருக்கு மருந்து என்று அவர் பட்டியல் போடுவார். பெயர் சங்கிலி நோட்டு. சங்கிலியை அறுப்பவர் வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் எழுந்து நின்று அறிக்கையிட வேண்டும்.

நோட்டைச் சுமந்தவர் ரொட்டி பாய். மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் தகரப் பெட்டி கட்டி வீடு வீடாக ரொட்டி விற்பவர். அவர் நம் மார்க்கமே இல்லை. ஆனால் ஒரு நாளும் நோட்டை நனைய விட்டதில்லை. பிளாஸ்டிக்கில் சுற்றி ரொட்டிக்கு மேலே வைப்பார். ஒரு மழை நாளில் அம்மாவிடம் அதைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "உங்க ஆண்டவர் நோட்டு பத்திரமா இருக்கும்மா. என் ரொட்டிதான் ஊறிப்போச்சு."

என் கைக்கு வந்தபோது பதின்மூன்று பக்கம் நிரம்பியிருந்தது. ஒரே மூச்சில் படித்தேன். ஒரே மூச்சு போதும், ஏனென்றால் பதின்மூன்றிலும் ஒன்றையேதான் எழுதியிருந்தீர்கள். கர்த்தருடைய கிருபையால் நானும் வீட்டாரும் சுகம். தேவை ஒன்றுமில்லை. எங்களுக்காக ஜெபியுங்கள். கூரை போனவரும் அதைத்தான் எழுதியிருந்தார். ஆடு மாடு அத்தனையும் போன வீட்டுப் பையனும் அதைத்தான். சாட்சி என்றால் முறுமுறுப்பு இருக்கக் கூடாது என்று டீச்சர் நமக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அரிசி வேண்டும் என்று எழுதுவது அவிசுவாசம் மாதிரி. தேவையைக் கேட்பதற்கென்றே ஒரு நோட்டு விட்டு, அதில் தேவையைச் சொல்ல முடியாதபடி நம்மை வளர்த்திருந்தார்கள். இது இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தோன்றியது வேறு: இவர்களுக்கு எழுதத் தெரியவில்லை.

நான் எழுதிக் காட்டுவதாக முடிவு செய்தேன். சிக்கல் என்னவென்றால், சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு ஷூதான் இருந்தது. நான்கு நாள் அந்த ஷூவை வைத்துக்கொண்டு மல்லாடினேன். முதலில் தண்ணீரை நான்காம் படிக்கு ஏற்றினேன். பிறகு மனசாட்சி உறுத்தவே மூன்றரைக்கு இறக்கினேன். ஓரங்களில் கொடி, மூலைகளில் பூ. "இப்படியே எழுதிக்கிட்டிரு, தஞ்சோங் ரம்புத்தான்லருந்து வண்டி வரும்," என்றாள் அம்மா; பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் அது. தினமும் காலையில் ரொட்டி பாய் வாசலில் நின்று, பாப்பா முடிஞ்சுதா என்று கேட்பார். நாளைக்கு பாய் என்பேன்.

பட்டியலில் எனக்கு அடுத்தவள் தோழி. மூன்றாம் டிவிஷன்.

அந்த நான்கு நாளும் ஆற்றைக் கடக்க வழி இருந்தது. தோட்டத்து ஆட்கள் தகர டிரம்களைப் பலகையோடு கட்டி, கயிற்றைப் பிடித்து இழுத்துப் போகிற ஒரு தெப்பம் போட்டிருந்தார்கள். ரொட்டி பாய் கரையில் நின்று, தெப்பக்காரரிடம் ரொட்டியைக் கொடுத்து அனுப்புவார். நோட்டையும் அப்படியே அனுப்பியிருப்பார். நான்காம் நாள் சாயங்காலம் மறுபடி மழை பிடித்தது. ஐந்தாம் நாள் காலை நோட்டைப் பெருமையோடு கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார்.

"தெப்பம் அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு பாப்பா. தண்ணி ரொம்ப வேகமா இருக்கு. நோட்டு உங்கிட்டயே இருக்கட்டும்."

அன்று மத்தியானமே அக்காவிடமிருந்து ஆள் வந்தது: நோட்டு ஏன் இவ்வளவு தாமதம், யார் கையில் நிற்கிறது? வந்தவரிடம், நாளை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் எழுந்து நிற்பதை நினைத்துப் பார்த்தேன். நான்கு நாள் என்ன செய்தாய் என்று டீச்சர் கேட்பார். பூ வரைந்தேன் என்று சொல்ல வேண்டும்.

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அவள் எழுத்து கொஞ்சம் சாயும். சாய்த்து எழுதினேன். கர்த்தருடைய கிருபையால் நானும் வீட்டாரும் சுகம். தேவை ஒன்றுமில்லை. எங்களுக்காக ஜெபியுங்கள். என் சொந்த சாட்சிக்கு நான்கு நாள் எடுத்தவளுக்கு இதற்கு நான்கு நிமிஷம் ஆகவில்லை. பதின்மூன்று பேர் எனக்குப் பழக்கிக் கொடுத்திருந்தீர்கள். பெரிய பொய் என்றும் தோன்றவில்லை. வேறு என்ன எழுதிவிடப் போகிறாள்? முடித்த பிறகு பக்கம் மொட்டையாகத் தெரிந்தது. கை சும்மா இருக்கவில்லை. ஓரத்தில் ஒரு கொடி போட்டேன்.

மறுநாள் ரொட்டி பாயிடம், அவளைத் தாண்டி அடுத்த வீட்டில் கொடுக்கச் சொன்னேன்; அவர் நோட்டைத் திறந்து பார்க்கிறவர் இல்லை. நோட்டு மீதி வீடுகளைச் சுற்றிக்கொண்டு அக்காவிடம் போயிற்று. பட்டியல் தயாரானது. அதே வாரம் தோட்ட நிர்வாகம் ராணுவத்தாரிடம் கேட்டு ஒரு படகு வாங்கியது, ஒரே ஒரு நாளைக்கு. ஒன்று, மூன்றாம் டிவிஷன். இல்லையென்றால், அதையும் தாண்டி ஆற்றோடு கீழே போனால் வரும் இன்னொரு தோட்டம். அங்கே பேதி என்று சேதி வந்திருந்தது. இரண்டுக்கும் போக ஒரு நாள் போதாது. எங்கே போவது என்பதை டிரெஸரே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். அப்பா மத்தியானம் சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டே என்னைக் கேட்டார்.

"மூணாம் டிவிஷன் புள்ள நோட்டுல எழுதியிருக்காமே?"

"ஆமாப்பா."

"காச்சல், காயம்னு ஒண்ணும் போடலையா?"

"தேவை ஒன்றுமில்லைன்னு இருக்கு."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்பா."

அன்று நான் சொன்னதில் அந்தக் கடைசி வார்த்தை உண்மை.

அப்பா மறுநாள் காலை கீழ்த் தோட்டத்துக்குப் போனார். பொழுது சாய வீட்டுக்கு வந்து, நனைந்த காற்சட்டையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, சந்தோஷமாகத்தான் பேசினார். பேதியைக் கட்டுப்படுத்திவிட்டார். படகு நடு ஆற்றில் பறந்தது என்றார். "மூணாம் டிவிஷன் கரையில ஆளுங்க நின்னாங்க. வெள்ளத் துணிய ஆட்டுனாங்க. நானும் கைய ஆட்டுனேன்."

அம்மா சிரித்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அந்தக் கரையில் நடந்ததைப் பிறகுதான் ஒவ்வொன்றாகக் கேள்விப்பட்டோம். தண்ணீர் ஏறிய அன்று தோழி பள்ளிப் பையை எடுக்க லயத்துக்குத் திரும்பி ஓடியிருக்கிறாள். சேற்றுக்குள் கிடந்த கூரைத் தகரம் இடது பாதத்தைக் கிழித்துவிட்டது. காப்பித்தூள் அப்பிக் கட்டியிருக்கிறார்கள். நான் ஷூவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த நாட்களில் அது வெறும் காயம். தெப்பம் போன பிறகு காய்ச்சல் வந்தது, கால் வீங்கியது. அவள் அப்பா தினமும் கரைக்கு வந்து நின்றிருக்கிறார். படகைக் கண்டதும் வேட்டியை அவிழ்த்து ஆட்டியிருக்கிறார்.

புதுத் தெப்பம் கட்டி அவளைக் கொண்டுவந்தபோது மேலும் ஒரு வாரம் ஆகியிருந்தது. கழற்றிய கதவு ஒன்றில் படுக்க வைத்து நான்கு பேர் தூக்கி வந்தார்கள். நான் எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். முகம் தெரியவில்லை. வாடை தெரிந்தது. அப்பா கட்டைப் பிரித்துப் பார்த்தார், உடனே மூடினார், ஈப்போவுக்குச் சீட்டு எழுதினார். அவள் அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கத்தவில்லை.

"துணிய ஆட்டுனோமே, டிரெஸர் ஐயா," என்றார்.

நோட்டில் எழுதியிருந்ததே என்று அப்பா சொல்லியிருக்கலாம். ஒரு நோயாளிப் பிள்ளை மேல் பழியைப் போடுவதாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லவில்லை.

ஈப்போவில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அப்பா சபைக் கமிட்டியிலிருந்து விலகிக்கொண்டார். முதல் வரிசையில் உட்கார்ந்தவர் கடைசி வரிசைக்குப் போனார். யாராவது தூரத்திலிருந்து கையசைத்தால் பதிலுக்குக் கையசைக்க மாட்டார். கிட்டே போய் என்ன வேண்டும் என்று கேட்பார். டவுனில் அதை வைத்துச் சிரித்தார்கள். எண்பதுகளின் நடுவில் போய்ச் சேர்ந்தார். இடையில் பத்து வருஷம் இருந்தது எனக்கு. பத்து வருஷமும் சொல்வதற்கு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளி திறந்ததும் போதகர் அந்த நோட்டை ஆராதனையில் உயர்த்திப் பிடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். இருபத்தொரு கண்ணி, ஒன்றுகூட அறவில்லை என்றார். சபையே ஸ்தோத்திரம் சொன்னது. அவள் ஏன் அப்படி எழுதினாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பாவம், யாருக்கும் பாரமாக இருக்க விரும்பாத பிள்ளை என்று டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கால் அழுகும்போதும் முறுமுறுக்காத விசுவாசம் என்று போதகர் அடுத்த வாரப் பிரசங்கமே வைத்தார். என் மூன்று வரிகளுக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது. இன்றுவரை அதைவிட நல்ல விமர்சனம் எனக்கு வந்ததில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை வேன் எடுத்துக்கொண்டு எல்லாரும் அவளைப் பார்க்க ஈப்போவுக்குப் போனீர்கள். இடம் போதாமல் மடிமேல் மடியாக உட்கார்ந்து போனதாகக் குழுவில்கூட ஒருவர் எழுதியிருந்தார். அக்கா நோட்டையும் கொண்டுபோய் அவளிடமே கொடுத்துவிட்டு வந்தார். எனக்கு அன்று வயிற்று வலி. அடுத்த முறையும் வயிற்று வலி. அவள் பள்ளிக்குத் திரும்பவில்லை. குடும்பம் வேறு தோட்டத்துக்கு மாறிப் போயிற்று. கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். உக்காந்து செய்யுற வேலைதானே, காலு எதுக்கு என்றாளாம். சிரித்துக்கொண்டே சொன்னதாகச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வருஷம் செயலாளர் அக்கா இறந்தபோது ஈப்போவில் அடக்க ஆராதனைக்கு வந்தவர்களில் தோழியும் ஒருத்தி. உங்களில் பலர் அவளோடு படம் எடுத்துக்கொண்டீர்கள். ஆராதனை முடிந்து, சபை மண்டபத்தில் டீயும் பிஸ்கட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கைத்தடியை மடிமேல் போட்டுக்கொண்டு இருந்தாள். இந்தத் தடவை வயிற்று வலி கைகொடுக்கவில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாற்பத்தைந்து வருஷமாக ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் இருந்தன. நோட்டுல உன் பக்கத்தை நான்தான் எழுதினேன் என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும் லா," என்றாள். "அந்தக் கொடியப் பாத்தப்பவே தெரியும். உன்ன விட்டா வேற யாரு அவ்வளவு வேலவெட்டி இல்லாம இருந்தா?"

நான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். படகு, துணி, கடைசி வரிசை. அவள் பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி கேட்டாள்.

"உங்க அப்பா வந்திருந்தா என்னா செஞ்சிருப்பாரு? மஞ்ச மருந்த ஊத்தி, ரெண்டு வெள்ள மாத்திர குடுத்திருப்பாரு. அப்பவே கருத்துப் போச்சு அது."

இது உண்மையா, எனக்குப் போட்ட பிச்சையா தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. பிஸ்கட்டைத் தின்று முடித்துவிட்டு அவளே சொன்னாள்.

"அந்த நோட்ட ரெண்டு மாசம் தலகாணிக்குக் கீழ வச்சிருந்தேன். வேன் வர்றப்பல்லாம் எல்லாரும் எறங்குவாங்க. நீ எறங்குறியான்னு பாப்பேன். வந்தா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்."

"என்னா கேக்கணும்னு இருந்த?"

"மறந்துபோச்சு."

நோட்டு எங்கே என்றேன். கமுந்திங்கில் வாடகை வீடு மாறும்போது கரையான் தின்றுவிட்டதாம். அதைப் பற்றி அவளுக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. டீயைக் குடித்து முடித்தாள், கைத்தடியை ஊன்றி எழுந்தாள். நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். இரண்டடி போனவள் திரும்பினாள்.

"பத்திரிகையில எல்லாம் எழுதுறியாமே. இப்பவாச்சும் உன் பேருலயா எழுதுற?"